மணமகள் கையில் பேனாவைக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட விரும்புகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் பிள்ளைகள் சிலர் போனில் 'பிரிட்ஜர்ட்டன்' என்ற தொடரைப் பார்க்கிறார்கள். 1813ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் கதை. பெரிய இடத்துப் பெண்கள், பட்டு உடுப்பு, நடனம், மாப்பிள்ளை தேடும் தாய்மார். "அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பொம்பளைகள் பாவம் டீச்சர், சொந்தமா ஒரு முடிவும் எடுக்க ஏலாது" என்கிறார்கள்.

பாவம்தான். 1753ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் திருமணச் சட்டப்படி, 21 வயது நிறையாதவர் லைசன்ஸ் எடுத்துக் கல்யாணம் முடிக்கத் தகப்பனின் சம்மதம் வேண்டும். முடித்த பிறகு அவளுடைய காசும் நகையும் கணவனுடையவை. அந்த நிலை முழுதாக மாற 1882 ஆனது. நமக்கோ மஹர் பெண்ணுக்கே சொந்தம், அவள் சொத்தும் அவளுக்கே சொந்தம் என்று மார்க்கம் 7ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது. இதை ஒவ்வொரு பயானிலும் பெருமையாகச் சொல்கிறோம். சரிதான்.

ஆனால் அதே 1753 சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. கல்யாணப் பதிவேட்டில் மணமகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவள் ஒரு கீறலாவது போட வேண்டும்.

இப்போது நம்முடைய 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பதிவுக்காகக் கையெழுத்திட வேண்டியவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, வலி, நிக்காஹ் நடத்தி வைத்தவர். யாருடைய வாழ்க்கையோ அவளுக்கு அதில் இடமில்லை. 270 வருடங்களுக்கு முன் எந்த உரிமையும் இல்லாத ஆங்கிலேயப் பெண்ணுக்குக் கிடைத்த பேனா, ஹட்டன் பஸாரில் கடை வைத்திருக்கும் நானாவின் மகளுக்குச் சட்டப்படி கிடையாது.

தூரம் போக வேண்டாம். டிக்கோயாவில் கொழுந்து பறிக்கும் அக்காவின் மகளைப் பாருங்கள். அவளுடைய கல்யாணம் பொதுச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. 1995 முதல் 18 வயது கட்டாயம், அவளே கையெழுத்திட வேண்டும். சிங்களச் சகோதரிக்கும் அப்படித்தான். நம் பிள்ளைக்கு மட்டும் 12 வயதுக்குக் கீழ் என்றால் பதிவுக்குக் காதியாரின் அனுமதி வேண்டும், 12 தாண்டினால் அதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். தோட்டத்து மக்களைப் பின்தங்கியவர்கள் என்று பேசும் நம்மவர்கள் இதை ஒருமுறை யோசியுங்கள்.

"இது ஷரீஆ, கை வைக்கக் கூடாது" என்பார்கள். இந்தச் சட்டத்தின் வேரைத் தேடிப் போங்கள். ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பு, 1806இல் ஆங்கிலேயர் அதைக் கொழும்புப் பெரியவர்களிடம் காட்டிச் சட்டமாக்கினார்கள், 1852இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. பிறகு 1929, பிறகு 1951. மனிதர்கள் எழுதினார்கள், மனிதர்களே பலமுறை மாற்றியும் இருக்கிறார்கள்.

மார்க்கத்தில் என்ன இருக்கிறது? கன்ஸா பின்த் கிதாம் (ரலி) விரும்பாத இடத்தில் தகப்பன் நிக்காஹ் செய்து வைத்தார். அவர் நபியவர்களிடம் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் அந்த நிக்காஹையே ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கிறது.

"கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம்" என்று இன்னொரு ஹதீஸைக் காட்டுவார்கள். அதுவும் அவளிடம் கேட்க வேண்டும் என்ற கட்டளையோடு வந்த ஹதீஸ்தான். கேட்ட பிறகு வரும் மௌனத்துக்குத்தான் அந்தச் சலுகை. கேட்காமலே நாம் வைத்துக்கொண்ட மௌனத்துக்கு இல்லை. ஓ.எல். பரீட்சை அனுமதி அட்டையில் அவளே கையெழுத்துப் போடுகிறாள். அங்கே வராத வெட்கம் நிக்காஹ் பதிவில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

"வலியை ஒழிக்கப் பார்க்கிறார்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்தோனேசியர்களும் நம்மைப் போல ஷாஃபிகள்தான். அங்கே 1975ஆம் ஆண்டின் விதிப்படி மணமகனும் மணமகளும் திருமணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், வலியும் கையெழுத்திடுகிறார். வலிக்கு என்ன குறைந்துபோனது? பாகிஸ்தான் நிக்காஹ்நாமாவிலும் மணமகளின் கையெழுத்து உண்டு.

"எங்கள் வீட்டில் கேட்டுத்தான் முடிக்கிறோம்" என்கிறீர்களா? அல்ஹம்துலில்லாஹ். அப்படியானால் ஒரு கையெழுத்தில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அந்தக் கோடு உங்கள் மகளுக்காகக் கேட்கப்படவில்லை. சபையில் பெரியவர்கள் உட்கார்ந்த பிறகு, உள் அறையில் அழுதுகொண்டிருக்கும் இன்னொருவரின் மகளுக்காகக் கேட்கிறோம்.

"இது நேரமில்லை" என்பதுதான் கடைசிப் பதில். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். 2018 ஜனவரியில்தான் அறிக்கை வந்தது, அதுவும் இரண்டு கருத்தாகப் பிரிந்து. நாம் இழுத்தடித்ததில் என்ன நடந்தது? 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று செயலணி அமைத்து, ஞானசார தேரரைத் தலைவராக உட்கார வைத்தார்கள். நம் வீட்டை நாம் கூட்டாவிட்டால் அடுத்தவன் விளக்குமாற்றோடு வருவான்.

பாராளுமன்றம் எப்போது அசையுமோ தெரியாது. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகம் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிக்காஹுக்கு ஒரு வாரம் முந்தி, தகப்பனும் நானாமாரும் இல்லாத இடத்தில், நம்பிக்கையான ஒரு பெண் மணமகளிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். மாப்பிள்ளை யாரென்று தெரியுமா? உனக்குச் சம்மதமா? மஹர் எவ்வளவு என்று சொன்னார்களா? பதிலை எழுதி, அவள் கையெழுத்தோடு பள்ளிவாசலில் வைத்திருங்கள். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

ஜும்ஆவுக்குப் போகும் சகோதரர்கள் இந்த வாரம் நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள். உம்மாமார் வீட்டில் வாப்பாமாரிடம் கேளுங்கள். முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்று கமெண்டில் எழுதச் சொல்லுங்கள். நான் பதில் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.