பம்பை எங்கே வைப்பது?

2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வறண்டபோது, லிங்கராஜபுரத்தில் எங்கள் கொல்லைக் கிணற்றை மூடியிருந்த தகரத்தை நீக்கித் தூர் வாரினோம். ஐப்பசியில் தண்ணீர் 12 அடியில் நின்றது. அடுக்களைச் சுவரோரம் பம்பைப் பொருத்தச் சொன்னவன் நானே. மழை படாது, ஸ்விட்சும் கைக்கு எட்டும்.

பங்குனியில் தண்ணீர் 26 அடிக்கு இறங்கிற்று. மோட்டார் இரைந்ததேயன்றி ஒரு சொட்டும் ஏறவில்லை. தண்ணீரின்றி ஓடியதில் பம்பின் சீலும் கருகிவிட்டது. "கடலூரில் என் கிணற்றில் 25 அடியிலிருந்து ஏறுகிறதே, மாப்பிள்ளை! பம்புதான் சொத்தை" என்றார் மாமனார். மகளின் பள்ளிக் கட்டணத்திற்கென எடுத்த சீட்டுப் பணத்தில் வேறொரு பம்பை வாங்கி, அதே இடத்தில் வைத்தேன். அதுவும் இரைந்தது.

குற்றம் பம்பினுடையதன்று. பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை நீக்க, வெளிக்காற்றின் பாரமே தண்ணீரை மேலேற்றுகிறது. இவ்வாறு ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டென்று 1638இல் கலிலியோ தம் நூலில் குறித்தார். காரணத்தை 1644இல் டாரிசெல்லி விளக்கினார். கடல் மட்டத்தில் அவ்வெல்லை சுமார் 34 அடி. இரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் ஊரின் உயரம் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தினமும் அதைக் கடந்து செல்லும் எனக்கே அதன் பொருள் அன்றுதான் உறைத்தது! நம் ஊர் 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றின் பாரம் இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கணக்குப்படி எல்லை 30 அடிதான். குழாயின் உராய்வும் வளைவுகளும் போக, 20 அடிக்கு மேல் நம்புவதற்கில்லை. கடலூர் அளவு இங்கே செல்லாது.

மேலே தள்ளுவதற்கு மோட்டாரின் வலிமையே எல்லை. ஆதலின் பம்ப் மாடித் தொட்டிக்கு அருகில் இருக்கவேண்டியதில்லை. தண்ணீருக்கு அருகில் இருக்கவேண்டும். கிணற்றுக்குள் 10 அடி ஆழத்தில் இரும்புச் சட்டம் பதித்து அதன்மேல் வைத்திருந்தால், கோடையிலும் 16 அடிதான் ஏற்றவேண்டியிருக்கும். ஆனால் பெருமழையில் மோட்டார் மூழ்கிவிடும். பழுது பார்க்கவும் ஆள் இறங்கவேண்டும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. இரண்டாவது பம்பைப் பாதி விலைக்கு விற்று, நீர்மூழ்கி பம்ப் ஒன்றை அடித்தரைக்கு 3 அடி மேலே கயிற்றில் தொங்கவிட்டேன். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஸ்விட்சும் போட்டாயிற்று.

மற்றொன்று: தூர் வாருகையில் தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் மணமற்ற நச்சுவாயு உண்டு. உள்ளே இருப்பவர் அறியுமுன்பே உயிர் போய்விடும்.

பம்ப் வாங்க எண்ணும் அன்பர்கள் சித்திரை வரை பொறுத்து, நீர்மட்டத்தை அளந்த பின்னரே கடைக்குப் போகவும். அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாங்கிச் செல்லலாம்.