பாட்டியாரும் தொலைக்காட்சியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறு கலகம் நிகழ்ந்தது. அயல்நாட்டில் நடைபெறும் பேத்தியின் விவாகத்தைத் தொலைக்காட்சியில் காண்பதற்காகப் பாட்டியார் விடியற்காலையிலேயே ஸ்நானம் செய்து, பட்டுப்புடவையுடன் வந்து அமர்ந்துவிட்டார். பெட்டியோ, "இணைய இணைப்பு இல்லை" என்று கையை விரித்துவிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கைப்பேசியை ரௌட்டரின் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதில் இணையம் தாராளமாக வந்தது. ஆகவே கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று மந்தமானாலும் சுவரைக் கடந்து வரும். எங்கள் ரௌட்டரோ அடுத்த அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் அஞ்ஞாதவாசம் செய்துகொண்டிருந்தது! அதை வெளியே எடுத்து மேஜைமீது வைத்து, பெட்டியில் 2.4 அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தோம். இணைப்பு வந்தது. படம் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பத்து வயதுச் சிறுமி. மின்சாரம் நின்று வந்ததில் பெட்டியின் தேதி பல வருஷங்கள் பின்னால் போயிருந்தது. அது தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டையும் யாரோ நிறுத்தியிருந்தார்கள். தேதி தவறாயிருந்தால், இணையதளங்கள் காட்டும் அத்தாட்சிப் பத்திரத்தைச் செல்லாது என்று பெட்டி தள்ளிவிடும். தேதியைத் திருத்தினோம். மணப்பந்தல் தோன்றிற்று.

மாங்கல்யதாரணத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. பாட்டியார் அட்சதையை எடுத்துப் பெட்டியின் மீதே போட்டார். அதைப் பெருக்க இன்றுவரை அவர் யாரையும் அனுமதிக்கவில்லை.