காரின் அடிப்பக்கத்தை யார் பார்ப்பது?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. மோர்னிங்சைட்டில் நான் இருக்கிற தொடர்மாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில், எங்கள் தளத்தில் குடியிருக்கும் ஒரு தம்பி தன் காருக்கு வின்ரர் ரயர் மாற்றிக்கொண்டிருந்தான். கனடா வந்து ஒன்றரை வருடம். இரவில் களஞ்சிய வேலை, பகலில் சாப்பாட்டு டெலிவரி. கார் வாங்கி நான்கு மாதம்தான். ஜக்கை அடியில் வைத்துச் சுற்றினான். கார் எழும்பவில்லை. ஜக்தான் காருக்குள் எழும்பியது. பிஸ்கற் நொருங்குகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு நிலத்தில் மண்ணிறத் தூள்.

"அண்ணா, நீங்கள் என்ஜினியர்தானே, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். நான் சொவ்ட்வெயார் என்ஜினியர். காருக்கும் என் படிப்புக்கும் உள்ள தொடர்பு, பல் வைத்தியருக்கும் மாட்டு வைத்தியருக்கும் உள்ள தொடர்பு மாதிரித்தான். ஆனாலும் போய்க் குனிந்து பார்த்தேன். கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஓடுகிற தகரப் பெட்டி இருக்கிறதே, காரின் எலும்பு மாதிரி, அது முழுக்கக் கறள். வெளியே தெரியாமல் இருக்க உள்ளே ஸ்பிரே ஃபோம் அடைத்து, மேலே பசை பூசி, அதற்கு மேல் புத்தம் புதிய கறுப்புப் பெயின்ற். பதினொரு வயதுக் காரின் அடிப்பக்கம் மட்டும் நேற்றுப் பிறந்தது போல மினுங்கியது.

விலை 6,800 டொலர். ஊரில் அம்மாவின் நகையை வைத்து எடுத்த காசும் அதில் இருந்தது. விற்றவர் நம்ம ஆள். "அடிபடாத கார் தம்பி, பொடி கிளீன்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். பாதுகாப்புச் சான்றிதழும் கையில் இருந்தது.

கனடாவில் கார் என்றால் நாங்கள் எல்லோரும் பார்ப்பது மூன்றே விஷயம்: எத்தனை கிலோமீற்றர் ஓடியது, என்ஜின் எப்படி, மேல் பெயின்ற் பளபளக்கிறதா. அடியில் குனிந்து பார்க்கிறவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. ஆனால் இந்த நாட்டில் பல கார்கள் சாவது என்ஜினால் அல்ல, கறளால்.

உப்பிலிருந்து தொடங்குவோம். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு உப்பு என்றால் மூட்டையில் வருகிற பொருள். இங்கே அது வீதியில் கொட்டுகிற பொருள். ரொறன்ரோ நகரசபை மட்டும் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 1,30,000 தொன் அளவில் உப்புப் போடுகிறது. கனடா முழுவதும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் தொன். இதற்கென்றே ஹூரோன் ஏரிக்கு அடியில், கொட்ரிச் என்ற ஊரில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இயங்குகிறது. வீதி உப்பு சூழலுக்கு நச்சு என்று கனடிய மத்திய அரசின் ஆய்வு 2001இலேயே முடிவு சொன்னது. மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஓடுகிற ஹைலண்ட் கிறீக் ஓடைக்கும் கடைசியில் போய்ச் சேருவது இந்த வீதிகளின் உப்புத்தான். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

உப்புப் போடாமல் விடச் சொல்லவில்லை. எல்ஸ்மியர் சந்தியில் ஐஸில் வழுக்கி ஒரு முறை சுற்றியவன் நான், அதன் அருமை தெரியும். ஆனால் அந்த உப்பு காருக்கு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். உப்பு இரும்பைக் கடித்துத் தின்பதில்லை. அது தண்ணீரை மின்சாரம் நன்றாகக் கடத்துகிற திரவமாக்குகிறது, அதனால் கறள் பிடிக்கிற வேலை பல மடங்கு வேகமாகிறது. மைனஸ் பத்துப் பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு ஐஸை உருக்கப் பெரிதாக உதவாது. அப்போது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவற்றைக் கலக்கிறார்கள். இவை காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்திருப்பவை. வீதி காய்ந்த பிறகும் கார்த் தகரத்தின் மடிப்புக்குள் ஈரம் காயாது.

இதில் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிற ஒன்று இருக்கிறது. சூடான நிலக்கீழ் தரிப்பிடத்தில் கார் நின்றால் பத்திரம் என்று நினைக்கிறோம். என்ஜினுக்கு அது நல்லதுதான். ஆனால் வெளியே மைனஸ் பதினைந்தில் உறைந்து கிடக்கிற உப்புச் சேறு பெரிதாக ஒன்றும் செய்யாது. அதே சேற்றோடு காரைச் சூட்டுக்குள் கொண்டுவந்து விட்டால் அது உருகி மடிப்புகளுக்குள் இறங்கி இரவு முழுக்க வேலை செய்யும். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் கார்களுக்குக் கீழே வெள்ளைக் கோலம் போட்டிருக்கும். அது வடிந்தது மட்டும்தான். வடியாதது காருக்குள்ளே.

கறள் எங்கே தொடங்கும் என்பதும் அநேகமாக எல்லாக் காருக்கும் ஒன்றுதான். பின் சில்லுக்கு மேலுள்ள வளைவின் உள்விளிம்பு, கதவின் கீழ்விளிம்பில் தகரத்தை மடித்த இடம், டிக்கி மூடியில் நம்பர் பிளேற்றுக்கு மேலே, கல் அடித்துப் பெயின்ற் போன பொனற் நுனி. கதவுக்குக் கீழே தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துவாரங்கள் இருக்கும். அதில் இலைகுழை அடைத்தால் கதவு உள்ளிருந்தே அழுகும். வெளியே பெயின்றில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் காரை நான் புதிதாக வாங்கினேன். நாலரை வருடத்தில் பின் சில்லு வளைவில் கொப்புளம். புதுக்கார் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்களே, "ஐந்து வருடக் கறள் உத்தரவாதம், கிலோமீற்றர் கணக்கில்லை" என்று. அதை நம்பிப் போனேன். சேவை மேசையில் இருந்த பெண் மிக மரியாதையாக விளங்கப்படுத்தினார்: உத்தரவாதம் "துளை விழுந்தால்" மட்டும். அதுவும் உள்ளிருந்து வெளியே துளை விழ வேண்டும். உங்களுக்கு இப்போது கொப்புளம்தான், துளை இல்லை. மேற்பரப்புக் கறளுக்கு மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், அது முடிந்துவிட்டது. துளை விழுந்தால் வாருங்கள்.

ஆறு மாதத்தில் ஐந்து வருடமும் முடிந்தது. அடுத்த குளிர்காலம் துளை விழுந்தது. சொல்லி வைத்தது போல.

இங்கே விற்கிற பெரிய யப்பானிய நிறுவனங்களின் வழக்கமான உத்தரவாதம் இந்த அளவுதான். சில ஐரோப்பிய நிறுவனங்கள் 12 வருடம் தருகின்றன. ஆக, கூடுதல் காலத்துக்குப் பொறுப்பேற்பது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. துத்தநாகம் பூசிய தகரமும், முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் பூசுகிற அடிப்பூச்சும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. எங்கே எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

உரிமையாளர்கள் சேர்ந்து கேட்டால் இந்த நிறுவனங்கள் இறங்கி வருகின்றன என்பதற்குக் கனடாவிலேயே பழைய கதை உண்டு. 1968இல் மொன்றியலில் வாகன உரிமையாளர் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்த பில் எட்மன்ஸ்டன், 1970களில் கறள் பிடித்த ஃபோர்ட் கார்க்காரர்களைத் திரட்டி அந்த நிறுவனத்தோடு மல்லுக்கட்டி நட்டஈடு பெற்றுக்கொடுத்தார். 'லெமன் எயிட்' என்ற பெயரில் பழைய கார் வாங்குவோருக்கான வழிகாட்டி நூல்களைப் பல வருடங்கள் எழுதியவரும் அவர்தான். 1990இல் கியூபெக்கிலிருந்து நாடாளுமன்றத்துக்கே போனார்.

அண்மைய உதாரணம் ரொயோட்டா. ரக்கோமா, துண்ட்ரா, செக்வோயா வாகனங்களின் அடிச்சட்டம் கறள் பிடித்து ஓட்டையாகிறது என்று அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 2016இல் சுமார் 15 லட்சம் வாகனங்களுக்கு 340 கோடி டொலர் வரை பெறுமதியான இணக்கத்துக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சட்டத்தை மாற்றிக்கொடுக்கச் சம்மதித்தது. "ரொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிற எங்கள் மாமாக்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கறள் அழகுப் பிரச்சினை இல்லை என்பதை ஒன்ராறியோவே ஒரு தடவை இரத்தத்தால் படித்திருக்கிறது. 2012 ஜூன் 23, எலியட் லேக் நகரில் அல்கோ சென்ரர் கடைத்தொகுதியின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தக் கூரைதான் கார்த் தரிப்பிடம். பல வருடங்களாகக் கசிந்த உப்புத் தண்ணீர் ஓர் இரும்பு இணைப்பைத் தின்றுவிட்டது. கட்டடம் பாதுகாப்பானது என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன் பார்த்தவர் சொல்லியிருந்தார். மேலே பார்த்துச் சொன்ன வார்த்தை. தம்பியின் சான்றிதழைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்திலிருந்து இன்னொரு வாகனம் அடித்தால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய பகுதி, ஸ்பிரே ஃபோமால் செய்யப்பட்டிருந்தது.

ஒன்ராறியோவில் தனியார் காருக்கு வருடாந்தப் பரிசோதனை கிடையாது. கைமாறும்போது மட்டும்தான் அந்தச் சான்றிதழ், அதன் ஆயுள் 36 நாள். அது உத்தரவாதம் அல்ல என்று அரசே சொல்கிறது. விற்பவர் கட்டாயம் தர வேண்டிய வாகனத் தகவல் பொதியில் முந்தைய உரிமையாளர், கடன் பாக்கி எல்லாம் இருக்கும், கறளைப் பற்றி ஒரு வரி இருக்காது. கார் விற்பனையாளர்களைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பின் இழப்பீட்டு நிதி தனியார் விற்பனைக்குப் பொருந்தாது. உற்பத்தியாளரோடு பிணக்கு என்றால் கம்வாப் என்ற இலவச நடுவர் மன்றம் உண்டு, ஆனால் அது நடப்பு வருடத்தோடு முந்தைய நான்கு வருட மொடல்களுக்கும் 160,000 கிலோமீற்றருக்குள் ஓடியவற்றுக்கும்தான். கியூபெக் 2023இல் பழுதுக் கார்களுக்கு எதிராகச் சட்டமே போட்டது. ஒன்ராறியோவும் அந்தத் திசையில் நகர வேண்டும் என்பதே என் கருத்து. தனியாராக இருந்தாலும் விற்பவர், தெரிந்த கட்டமைப்புக் கறளை எழுத்தில் சொல்ல வேண்டும். அதை மூடி மறைத்து விற்றால் தண்டம். உத்தரவாதத்தில் "உள்ளிருந்து வெளியே" என்ற சொல் விளையாட்டும் போக வேண்டும்.

சட்டம் வருகிறபோது வரட்டும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். புதிதாக வருகிற பிள்ளைகள் கார் வாங்கப் போவது வெள்ளைக்காரனிடம் அல்ல. மொழி தெரிந்த, ஊர் சொல்லி உறவு கொண்டாடுகிற நம்மவரிடம்தான். "எந்த இடம் தம்பி? ஓ, கரவெட்டியா, நான் நெல்லியடி" என்று தொடங்கி, தேத்தண்ணி தந்து, பிறகு இந்தப் பெயின்ற் அடித்த சவப்பெட்டியை விற்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. என் காரை வருடா வருடம் பார்க்கிற தமிழ் மெக்கானிக், "இதுக்கு மேல காசு போடாதேங்கோ" என்று தனக்கு வருமானம் போகிற மாதிரியே பேசுகிறவர். ஆனால் மற்றவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. "நம்ம ஆளைக் காட்டிக் குடுக்கிறதோ" என்று விட்டுவிடுகிறோம். ஏமாந்த பெடியனும் நம்ம ஆள்தானே?

யாழ்ப்பாணத்தில் பழைய ஏ40 கார்கள் யுத்தத்துக்குள்ளும் மண்ணெண்ணெயில் ஓடின. என் பெரியப்பா தன்னுடையதை வாரம் ஒருமுறை அடிப்பக்கம் துடைப்பார். கடற்காற்றின் உப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே வந்த எங்களுக்கு மேலே மெழுகு பூசத்தான் தெரிகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரோச் லைற் ஒன்றும் பழைய பாயும் கொண்டு போங்கள். பாயைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் புதுக் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள், பழைய காருக்கு அழுக்கு அடிதான் நேர்மையானது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கராஜில் நூறு டொலர் அளவில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அங்கேயே கதை முடிந்தது. வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் இலையுதிர் காலமும் எண்ணெய் அடியுங்கள், 150 டொலருக்குக் கிட்ட முடியும். குளிர் குறைந்த நாளில் அடிப்பக்கம் கழுவுங்கள். புதுக்காரோடு சேர்த்து விற்கிற "மின்னணுக் கறள் தடுப்பு" பெட்டியை நான் வாங்க மாட்டேன். அந்தத் தத்துவம் கடலில் மிதக்கிற கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் வேலை செய்யும், ஏனென்றால் சுற்றிவர மின்சாரம் கடத்துகிற தண்ணீரோ ஈரமண்ணோ இருக்கிறது. காரைச் சுற்றி இருப்பது காற்று.

தம்பியின் விஷயம் என்ன ஆனது? விற்றவருக்கு நாலு தரம் எடுத்தோம். முதலில் "உப்பு நாடு தம்பி, கறள் வரத்தானே செய்யும்" என்றார். படங்களை அனுப்பி, சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் என்று எழுதியபோது 2,000 டொலர் திருப்பித் தந்தார், "ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்ற கோரிக்கையோடு. கார் பழைய இரும்புக்கு 400 டொலருக்குப் போனது. தம்பி இப்போது மோர்னிங்சைட் பஸ்ஸில் வேலைக்குப் போகிறான், டெலிவரி நின்றுவிட்டது. நகை இன்னும் அடகில். வருகிற சனிக்கிழமை பிக்கரிங்கில் ஒரு கார் பார்க்கப் போகிறோம். பாயை என் டிக்கியில் ஏற்கனவே போட்டு வைத்திருக்கிறான்.