தவளைக்கு மேலே இடம் இருக்காம்!



பீலிக்கு மேலே மிச்சமிருக்கும் காட்டுத்துண்டைத் துப்புரவாக்கி கபானா கட்டப் போகிறார்களாம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அங்குள்ள தவளைகளைப் பற்றிக் கேட்டேன். ஒரு காக்கா போட்ட பதில்: “சேர், ஹோர்ட்டன் சமவெளி இருக்குதானே, மேலே போய்ச் சேரும்.” அதற்குச் சிரிப்பு வேறு.

சிரியுங்கள். ஆனால் தவளை பஸ் ஏறிப் போகும் பிராணி அல்ல.

மலையில் உயரத்துக்கு உயரம் தவளை வேறு. வயலிலும் குளத்திலும் முட்டையிடும் இனங்கள் மேலே ஏற ஏறக் குறையும். மூடுபனிக் காட்டில் புதர்த் தவளைகளின் ராச்சியம். நக்கிள்ஸின் ஈரப்பாறைகளில் வாழும் நன்னோபிரிஸ் மார்மொராட்டா உலகில் வேறெங்கும் இல்லை. 2000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் குளிருக்குப் பழகியவை வேறு இனங்கள். உச்சியைக் காத்துவிட்டு நடுமலையை வெட்டினால் நடுமலைத் தவளை முடிந்தது. சூடு கூடி மேலே ஏற வேண்டி வந்தாலும் இடையில் தேயிலைத் தோட்டமும் தார் ரோட்டும். பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். அதற்கு மேல் ஆகாயம்.

முட்டை, வாற்பேய், தவளை என்றுதான் வகுப்பில் படிப்பிக்கிறோம். நம் புதர்த் தவளைகளுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. பெரும்பாலானவை சருகுக்கடியில் ஈர மண்ணில் முட்டையிடும். குட்டித் தவளையாகவே வெளியே வரும். சருகைக் கூட்டி வெயில் விழ விட்டால் முட்டை காய்ந்துவிடும். இதற்குப் பெயர் துப்புரவா?

கோப்பிக்கும் தேயிலைக்கும் வெள்ளைக்காரன் மலைக்காட்டை வெட்டினான். இலங்கையில் அழிந்ததாகப் பதிவான தவளை இனங்கள் இன்று ஒரு டசினுக்கும் மேல். 1853இல் பதிவான ஒன்று 150 வருடங்களுக்கு மேல் காணாமல் இருந்து, சிவனொளிபாத மலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது. காடு மிச்சமிருந்ததால் கிடைத்தது.

மருந்துக்காகக்கூட தவளையைக் கொல்ல நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஜும்ஆவில் கேட்டிருப்போம். கையால் அடித்தால்தான் கொலையா, இருக்கும் இடத்தை அழித்தால் இல்லையா? உலமாக்கள் சொல்லட்டும்.

நம் துண்டில் என்ன இனம் இருக்கிறதென்று இதுவரை எவரும் பார்த்ததில்லை. கமிட்டி காக்காமாரே, கத்தி வைக்க முதல் ஒரு மழை இரவில் டோர்ச்சோடு வாருங்கள், நானும் பிள்ளைகளும் வருகிறோம். பல்கலைக்கழகத்திலிருந்து தெரிந்த ஒருவரையும் கூப்பிடுவோம். அதுவரை அந்தச் சருகில் கை வைக்க வேண்டாம். பள்ளியில் நாம் வுழூ செய்யும் தண்ணீரும் அதற்குக் கீழிருந்துதான் வருகிறது.