ஊர் எல்லையில் நின்றுவிட்ட சட்டம்

குடக்கூலி ஏறுவது பட்டணத்தார் துன்பம் மட்டுமே என்று எண்ணுவோர்க்கு எலவனாசூர்கோட்டையைச் சுட்டுகிறோம். உளுந்தூர்ப்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர் இன்றும் ஓர் ஊராட்சியே. அதுவே இங்குக் குடியிருப்போர் செய்த குற்றம் போலும்!

2017இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்கிறது. முன்பணத்திற்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. முறையீடு கேட்க வாடகை அதிகாரியையும் அமர்த்துகிறது. ஆயின் அஃது நகர்ப்புறத்துக்கே உரியது. உளுந்தூர்ப்பேட்டை நகராட்சியில் செல்லுபடியாகும் உரிமை, இவ்வூர் எல்லையில் செல்லாக்காசு.

இங்கே வாய்ச்சொல்லே ஒப்பந்தம். ‘கட்டாவிட்டால் காலி செய்’ என்பதே தீர்ப்பு. அஞ்சிய குடும்பம் சன்னலற்ற, சுவரில் ஈரம் ஊறிய அறையில் ஒடுங்குகிறது. காற்றோட்டமில்லா அறையில் காசநோய் எளிதில் தொற்றும் என்பதை யார் அறியார்? வாடகையில் மிச்சம் பிடித்தது மருந்துக்குப் போகிறது.

சட்டத்தை ஊராட்சிகளுக்கும் விரிவாக்குக என அரசைக் கேட்கிறோம். அதுவரை வீடுடைய நம்மவர் வாளாவிருப்பதா? ஒரு சன்னல் திறக்கவும், ஓர் ஒப்பந்தம் எழுதவும் எந்த அரசாணையும் வேண்டுவதில்லை. கடனை எழுதி வைக்கப் பணித்த மார்க்கத்தார் நாம். ஏழையின் வாடகையை மட்டும் வாய்ச்சொல்லில் விடுவது எவ்வாறு நேர்மையாகும்?