மகள்வழிக்கு ஒரு பூட்டு

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பர் 14 அன்று அரசிதழில் வெளிவந்தன. மூலச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. ஒப்புதல் பெறுவது, அறிவிப்புக் கொடுப்பது, தரவை அழிப்பது முதலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அந்தச் சட்டத்தின் 44(3) பிரிவுக்கோ ஒரு நாள் அவகாசமும் இல்லை. உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைச் சுருக்கி எழுதியிருக்கிறது. முன்பு பொதுப்பணியோடு தொடர்பில்லாத தகவலையோ, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலையோதான் மறுக்க முடிந்தது. பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தர அந்த உட்பிரிவிலேயே வழி இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. இப்போது ‘தனிநபர் பற்றிய தகவல்’ என்ற ஒரு சொற்றொடர் போதும். பெயர், தகப்பன் பெயர், வீட்டுப்பெயர், பாகம், சர்வே எண் என்று குடிவழி ஆய்வில் நாம் கேட்பவை எல்லாமே தனிநபர் பற்றியவை. ஆகவே இந்த இதழ் தன் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குச் சட்டம் தரும் காப்பை முழுமனதோடு ஏற்கிறோம். இறந்து இரண்டு மூன்று தலைமுறை கடந்தவர்களின் பதிவேடுகளையும் அதே காப்புக்குள் அடைப்பதை எதிர்க்கிறோம். அப்படி அடைத்தால் முதலில் அழியப்போவது மகள்வழிதான்.

சட்டம் எதை மூடியது, எதை மூடவில்லை என்பதை முதலில் தெளிவாகப் பிரித்துக்கொள்வோம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. கட்டணம் செலுத்தும் எவரும் நிலப்பத்திரங்கள் பதியும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்க்கலாம், நகல் வாங்கலாம்; அங்கே உறவுமுறைச் சான்று கேட்க இடமே இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் ‘எந்த நபரும்’ தேடச் சொல்லிக் கேட்கலாம் என்றே சொல்கிறது. இறப்பின் காரணத்தை மட்டும் வெளியிடக் கூடாது. இவற்றையெல்லாம் விட வலுவானது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3). விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகிய மூன்று விலக்குகளைத் தவிர மற்றவை பொருந்தா. 8(1)(ஜே) அந்த மூன்றில் ஒன்றல்ல. கொல்லம் ஆண்டு 1080-இல் நடந்த ஒரு போக்குவரவை, அதாவது நிலத்தின் பெயர் மாற்றத்தை, இன்றைய 8(1)(ஜே)-யைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் நடப்பது வேறு. காரணம் எழுதி மறுக்க வேண்டியிருந்த இடத்தில் இனி ஒற்றை வரியில் மறுக்கலாம் என்றால் அந்த வரி எங்கும் எழுதப்படும். மேல்முறையீடு செய்யத் தெரிந்தவருக்குக் கதவு திறக்கும். மற்றவர் திரும்பிப் போவார்.

இந்த மறுப்பு எல்லா வழிகளையும் ஒரே அளவில் தாக்காது. நம் நெய்யாற்றின்கரைப் பகுதியின் குடியேற்ற உழவர் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். 1865 ஜூன் 2-இல் திருவிதாங்கூரில் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் பாட்டக் குடிகளுக்கு நிலத்தில் விற்கவும் மாற்றவும் உரிமை தந்தது. அதன்பின் புதுவல் (புதிதாகப் பதியும் சர்க்கார் நிலம்) பதிந்து, காடு வெட்டி, மரச்சீனியும் நல்லமிளகும் நட்டு, தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கிழக்கு மலையடிவாரத்துக்கு ஏறிய குடும்பங்களின் கிளைகள் இன்று ஆரியங்கோடு, பெருங்கடவிளை, ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை எங்கும் பரந்திருக்கின்றன. இந்தக் குடும்பங்களில் ஆண்வழியைத் தேடுவது எளிது. மகன் பெரும்பாலும் அதே விளையில், அதே தண்டப்பேரில் (நிலவரிக் கணக்கில்) நிற்பான். பேரன் விண்ணப்பித்தால் அது அவனுடைய சொந்தக் குடும்பப் பதிவேடு. வாரிசு என்று சொல்லி வாங்கிவிடலாம். மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிறாள். வீட்டுப்பெயர் மாறுகிறது, வம்சப்பெயர் இல்லாத சமூகத்தில் தகப்பன் பெயரின் இடத்தில் கணவன் பெயர் ஏறுகிறது. அதற்குப் பிறகு அவள் இருக்கும் ஒவ்வொரு காகிதமும் இன்னொரு குடும்பத்தின் காகிதம். தண்டப்பேர் கணவனுடையது, ஆதாரம் (நிலப்பத்திரம்) மாமனாருடையது, வீட்டு வரி மைத்துனனுடையது. அவளுடைய பிறந்த வீட்டாருக்கு அவை ‘மூன்றாம் நபர்’ ஆவணங்கள். சொல்லளவில் இந்த விதி ஆண், பெண் பேதம் பார்க்கவில்லை. ஆனால் மகனுக்குச் சொந்தப் பதிவேடு போதும், மகளுக்கு அயலார் பதிவேடு வேண்டும் என்ற நிலையில், அயலார் பதிவேட்டை மூடுவது மகளை மட்டும் மூடுவதாகவே முடியும்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு இதில் தனி இழப்பு இருக்கிறது. கொல்லம் 1092-இல், அதாவது 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் தந்தது; ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிலரை விலக்கி வைத்தது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கரில் சில பிரிவினரும், அதே வழக்கமுள்ள சில தாலுகாக்களின் புராட்டஸ்டன்டுகளும் அந்த விலக்கில் வந்தார்கள். பெயர் சொல்லப்பட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்டு அமைப்பின் பாறசாலை வட்டச் சபைகளைச் சேர்ந்த உழவர் குடும்பங்கள் இந்தத் தாலுகாவில்தான் நிலம் வைத்திருந்தன. 1986 பிப்ரவரி 24-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுச் சட்டம்தான் பொருந்தும் என்று சொன்ன பிறகுதான் திருவிதாங்கூரின் மற்றக் கிறிஸ்தவ மகள்களுக்குச் சமபங்கு உறுதியானது. நம் தாலுகாவில் அதற்கு வெகுகாலம் முன்பே சட்டம் அந்த வழக்கத்தை ஏற்றிருந்தது. வழக்கம் உயிரோடிருந்த வீடுகளில் மகளும் பாகப்பத்திரத்தில் ஒரு கட்சியாக நின்றாக வேண்டும். அவள் பெயர், கணவன் பெயர், போன வீடு, வாங்கிய பாகத்தின் எல்லை எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். குடியேற்றக் குடும்பங்களின் மகள்வழியை ஆவணத்தோடு நிறுவ இதைவிட நல்ல ஊற்று நம் பக்கத்தில் இல்லை. பாகப்பத்திரம் முதலாம் புத்தகத்தில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாகம் பிறகு யார் பேருக்குப் போனது, எந்த வீட்டோடு சேர்ந்தது, அவள் மக்கள் யார் என்பது போக்குவரவுக் கோப்பிலும் தண்டப்பேரிலும்தான் இருக்கிறது. அங்கேதான் பூட்டு விழுகிறது.

மகள் இன்றைய மாநில எல்லை தாண்டிக் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் உள்ள பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பெண் கொடுத்து எடுப்பது அதனால் நிற்கவில்லை. பதிவேடுகள் மட்டும் இரண்டு அரசுகளின் கைக்குப் போயின. விளவங்கோட்டின் பழைய ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன, தேடுகிறவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். ஆரியங்கோட்டுக் குடும்பத்தின் தமிழ்ச் சபைப் பதிவேட்டை வாசிக்க இன்றைய பேரனுக்கு மலையாளம் மட்டும் தெரியும். இந்த இரட்டைச் சுமையோடுதான் நம் ஆய்வாளர்கள் இத்தனை காலம் வேலை செய்தார்கள். இரு மாநில அலுவலகங்களிலும் ‘நீங்கள் வேறு மாநிலம், இது வேறு குடும்பம்’ என்ற பதிலுக்கு இப்போது மத்தியச் சட்டத்தின் துணையும் சேர்ந்துவிட்டது.

குடியேற்ற உழவர் வம்சாவளி ஆய்வில் மிகவும் முன்னே போன வட அமெரிக்கா இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டும். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் சந்ததியார் சங்கம் 1897-இல் தொடங்கியது. மகன்வழியோ மகள்வழியோ, எந்த வழியில் வந்தவரும் அங்கே சந்ததிதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் காட்ட வேண்டும். மகள்வழியில் அந்த ஆவணம் பல நேரம் மருமகன் குடும்பத்தின் உயிலிலும் நிலப்பத்திரத்திலும் கிடைக்கும். அவை திறந்திருப்பதால்தான் இது நடக்கிறது. பதிவு இல்லாத இடத்தில் அவர்களும் தோற்றிருக்கிறார்கள். 1700-க்கு முந்திய நியூ இங்கிலாந்துத் திருமணங்களைத் திரட்டிய கிளாரன்ஸ் டோரியின் பெரும் பட்டியலில் பல மனைவியரின் பிறந்த குடும்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. கியூபெக் பாதிரியார்கள் மணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதினார்கள். அங்கே மகள்வழி பதினேழாம் நூற்றாண்டு வரை தெளிவாகத் தொடர்கிறது. அந்தரங்கத்தையும் அந்த நாடுகள் கைவிடவில்லை. தனிநபர் விவரம் அடங்கிய குடிக்கணக்கெடுப்புத் தாள்களை அமெரிக்கா 72 ஆண்டுகளும் கனடா 92 ஆண்டுகளும் மூடி வைக்கின்றன. அமெரிக்காவின் 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1-இல் வாக்குச் சொன்னபடி திறந்தன. மூடுவதற்கு ஒரு நாள் இருப்பதுபோலத் திறப்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. நம்முடைய 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தில் மூடும் பிரிவு உண்டு, திறக்கும் நாள் இல்லை. 2023 சட்டமும் அப்படியே. இறந்தவர் சார்பில் உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்று சொல்லும் சட்டம், இறந்து எத்தனை ஆண்டு கழித்து அவர் பெயர் வரலாற்றுக்கு உரியதாகும் என்று சொல்லவில்லை.

நமக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் மூன்றை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பழைய தண்டப்பேரைக் கையில் வைத்துக்கொண்டு பொய் வாரிசுகள் நிலம் கேட்டு வருவார்கள் என்பது முதலாவது. பொய் வாரிசு வெல்வது உண்மையான கிளைகள் தெரியாத இடத்தில்தான். கட்டிக்கொடுத்த மகளின் சந்ததி ஆவணத்தோடு தெரிந்திருந்தால் அவளை விட்டுவிட்டுப் பட்டியல் தயாரிக்க முடியாது. சாதி மாறிய, மதம் மாறிய, ஊர் மறந்த கதைகள் வெளியே வந்து வாழ்பவரைக் குத்தும் என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது. நாடார் குடும்பங்களின் இடஒதுக்கீட்டு நிலை சபையைப் பொறுத்து மாறும் ஊரில், தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு பேரனின் சான்றிதழைத் தொடக்கூடும். அதற்குப் பரிகாரம் வாழ்பவர் தொடர்பான விவரத்தை மறைத்துத் தருவது. நூறாண்டுக்கு முந்திய பதிவேட்டையே பூட்டுவது பரிகாரமாகாது. குடியேறியவர்களின் பெருமைக் கதைக்கு இந்த ஆய்வு துணை போகிறது, மலையில் முன்பே இருந்த காணிக்காரர் என்னும் பழங்குடியினரை மறைக்கிறது என்பது மூன்றாவது. ‘முதல் குடி’ என்று எந்தக் குடும்பத்தையும் இந்த இதழ் எழுதாது. புதுவல் கோப்புகள் திறந்தால்தான் எந்தக் காடு யாருடைய நடப்பில் இருந்தது என்பதும் தெரியவரும். மூடிய பதிவேடு எப்போதும் வலுத்தவரின் வாய்மொழிக்கே துணை நிற்கும்.

நம் துறையை அதிகாரிகள் ஒருபோதும் ஆய்வாக மதித்ததில்லை. வம்சாவளி கேட்டு வருகிறவர் சொத்துத் தகராறுக்காரர் அல்லது வேலையில்லாதவர் என்பதே அலுவலகங்களின் முடிவு. செல்லரித்த பதிவேட்டைக் காக்கப் பணம் இல்லை என்பார்கள். அதைப் படமெடுக்க வருபவரிடம் அனுமதி இல்லை என்பார்கள். பாகப்பத்திரத்தில் மகளின் பெயரை எழுதிய குமஸ்தா செய்த நன்மையைக்கூட அடுத்த மேஜை செய்யவில்லை. தண்டப்பேரில் அவளை ‘மனைவி’ என்று மட்டும் குறித்தது. நூறாண்டாக அவளை எழுதாமல் விட்ட அதே நிர்வாகம், அவளை எழுதிய சில தாள்களையும் இன்று அவளுடைய அந்தரங்கத்தின் பெயரால் மூடுகிறது. இதை அந்தரங்கக் காப்பு என்று நாம் ஏற்க முடியாது.

மத்திய அரசு சட்டத்திலேயே ஒரு கால வரம்பை எழுத வேண்டும்: பிறந்து 100 ஆண்டு, அல்லது இறந்து 30 ஆண்டு கடந்தவரின் விவரம் தனிநபர் தரவாகக் கருதப்படக் கூடாது. கேரள, தமிழக அரசுகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 8(3) பிரிவு தண்டப்பேர், புதுவல், போக்குவரவுக் கோப்புகளுக்குப் பொருந்தும் என்று வருவாய்த் துறைகள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். சபைகள் அரசின் கீழ் வருபவை அல்ல. ஆனாலும் பதிவேட்டை ஸ்கேன் செய்துவிட்டால் புதிய சட்டம் அவற்றையும் தொடும். 17(2)(பி) பிரிவு ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் தரும் விலக்கைப் பயன்படுத்தி, எத்தனை ஆண்டுக்குப் பின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளைத் திறப்பது என்று அவையே தீர்மானிக்கட்டும். நம் பங்குக்கு, வீட்டளவில் வைத்திருக்கும் குடும்ப மரத்துக்குச் சட்டம் தரும் விலக்கு இதழுக்கோ விற்பனைக்கு வரும் குடும்ப மலருக்கோ கிடைக்காது என்பதை ஏற்கிறோம். இனி வாழ்பவர் பெயர் அவருடைய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் இங்கே அச்சேறாது. மகள்களின் கிளையை விட்டுவிட்டு வரும் வம்சாவளியையும் இந்த இதழ் ஏற்காது. ஆவணம் மறுக்கப்பட்டதால் விடுபட்டிருந்தால் மறுப்புக் கடிதத்தின் தேதியும் காரணமும் அந்த இடத்தில் அச்சாகும். வாசகர்கள் விண்ணப்பத்தில் நிகழ்வின் தேதியைக் கொல்லம் ஆண்டிலும் கிறிஸ்து ஆண்டிலும் எழுதி, 8(3) பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். நாலு பேர் எழுதி நிறுத்திக்கொண்டால் மறுப்பே விதியாகிவிடும். நாம் எல்லோரும் தொடர்ந்து எழுதினால் 20 ஆண்டு வரம்பு என்ற ஒன்று சட்டத்தில் இருப்பது அலுவலகங்களுக்கும் நினைவுக்கு வந்தே தீரும்.