கூடையோடு நின்றுவிடலாமா?

மாம்பழக் காலம் வந்தால், கூடவே ஒரு செய்தியும் வந்துவிடுகிறது. அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அழுகிய பழங்களையும், கல் வைத்துப் பழுக்க வைத்த பழங்களையும் பறிமுதல் செய்தார்கள். குழி தோண்டிப் புதைத்தார்கள் என்பதே அந்தச் செய்தி.

நல்ல காரியம். வரவேற்கிறோம். பிள்ளைகள் தின்னும் பழத்தில் விளையாட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால், புதைத்ததோடு காரியம் முடிந்துவிட்டதா?

சின்னசேலத்தை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரெயில் பாதையில் உள்ள ஊர் இது. சேலத்து மாம்பழத்துக்கும் தூரமில்லை; கல்வராயன் மலைப் பலாவுக்கும் தூரமில்லை. இங்கே தெருவோரத்தில் கூடை வைத்துப் பழம் விற்கும் ஓர் அம்மாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கிறார். பழம் மேலே மஞ்சள், உள்ளே காய்! கல் வைத்தவர் அவர் அல்ல. ஆனால், சோதனை வந்தால் பறிபோவது அவருடைய கூடைதான். கல் வைத்தவரோ குடோனில் சுகமாக இருக்கிறார்!

"கல்" என்று சொல்வது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அதிலிருந்து அசெட்டிலின் வாயு கிளம்பும். அந்த வாயு காயின் தோலை மஞ்சளாக்கிவிடும். அந்தக் கல்லில் ஆர்சனிக் என்ற நஞ்சும், பாஸ்பரசும் சிறிதளவு கலந்திருப்பதுண்டு. அதனால்தான் அதற்குத் தடை.

சட்டம் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1954-ல் பாராளுமன்றம் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1955 ஜூன் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. மனிதர் உண்ணத் தகாதபடி அழுகிய பொருளும் கலப்படப் பொருளே என்று அந்தச் சட்டம் கூறியது. அமெரிக்காவில் 1906-ல் வந்த சட்டமும் அழுகிய பொருளை இப்படித்தான் பார்த்தது. 1954-ம் ஆண்டுச் சட்டம் போய், இன்று நடப்பில் இருப்பது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

பழைய சட்டத்திலேயே ஒரு நியாயம் இருந்தது. எழுத்து மூலம் உத்தரவாதம் பெற்று, சரக்கை ஒழுங்காக வைத்திருந்து, வாங்கியபடியே விற்ற வியாபாரி குற்றவாளி அல்ல. புதிய சட்டத்தின் 26-வது பிரிவும் இதை மறக்கவில்லை. சரக்குக் கொடுப்பவர், வாங்கி விற்பவருக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். பில் கொடுத்தால் அதுவே உத்தரவாதம் என்கிறது.

அப்படியானால், அந்த அம்மாளிடம் பில் உண்டா? கேட்டுப் பார்க்கட்டும்! "பில்லா? வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்ற பதில்தான் கிடைக்கும். ஏழைக்குச் சட்டம் கொடுத்த கேடயம் இப்படி மண்டி வாசலிலேயே பறிபோகிறது.

கூடையில் வைத்து அழுக விட்டதை நல்ல பழத்தோடு சேர்த்து விற்றால், அது விற்பவர் குற்றமே. அதற்குப் பரிந்து பேச வரவில்லை. மேலிடத்தில் நடந்த குற்றத்துக்குக் கீழே இருப்பவர் தண்டம் கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது இதுதான். கெட்ட பழத்தைக் கண்டால் பறிமுதல் செய்யட்டும். உடனே, "இது எங்கே வாங்கியது? பில் எங்கே?" என்று கேட்கட்டும். பில் இல்லாவிட்டால், கொடுக்காத மண்டிக்காரரைத் தேடிப் போகட்டும். வழக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வாங்கிய பொருளில் சந்தேகம் இருந்தால், கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள 40-வது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை ஏட்டிலேயே தூங்கலாமா?

பழத்தைப் புதைக்க ஒரு மணி நேரம் போதும். கல் வைத்த கையைப் பிடிக்காவிட்டால், அடுத்த கோடையிலும் அதே குழியைத்தான் தோண்டிக்கொண்டிருப்போம்!